சாவியோடு கணக்கும் கைமாறட்டும்

அடுக்குமாடிக் குடியிருப்பில் பழைய ஃபிளாட் ஒன்றை வாங்க முடிவுசெய்யும் குடும்பம், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் எத்தனையோ காகிதங்களைப் பார்க்கிறது. தாய்ப் பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், சொத்து வரி ரசீது, வழக்கறிஞரின் கருத்துரை, வங்கியின் மதிப்பீடு என்று அந்தக் கட்டு கனமாகத்தான் இருக்கிறது. ஆனால், இவை அனைத்தும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன: இந்தச் சொத்து விற்பவருக்கு உரியதுதானா? வீட்டு உரிமையாளர்கள் சங்கத்தின் வங்கிக் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது, விற்பவர் எத்தனை மாதப் பராமரிப்புத் தொகையைப் பாக்கி வைத்திருக்கிறார், லிஃப்ட்டை மாற்றுவதற்குப் பொதுக்குழு தீர்மானம் போட்டிருக்கிறதா, தூண்களில் கம்பி துருப்பிடித்திருப்பதாகப் பொறியாளர் யாரேனும் எழுதிக் கொடுத்திருக்கிறாரா, கார் நிறுத்தும் இடம் எழுத்தில் இருக்கிறதா, வாய்மொழியில் இருக்கிறதா? இவற்றுக்குப் பதில் தரும் காகிதம் எதுவும் அந்தக் கட்டில் இல்லை. குடிபோன மறுமாதமே இவையெல்லாம் புதிய உரிமையாளரின் தலையில் வந்து விழுகின்றன. தெரிந்துகொள்ளும் உரிமையைத் தராமல் கடமையை மட்டும் ஏற்றிவைக்கும் இந்த நடைமுறைதான் நம் குடியிருப்புகளில் புதியவர்களுக்கும் பழையவர்களுக்கும் இடையே மூளும் பல சண்டைகளுக்கு வேர். விற்பனைக்கு முன்பே சங்கத்தின் நிலை அறிக்கை வாங்குபவரின் கைக்கு வந்தாக வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் செய்ய வேண்டும்.

முதலில், அவர் எதை வாங்குகிறார் என்பதில் தெளிவு வேண்டும். இரண்டு கிரவுண்ட், அதாவது 4,800 சதுர அடி மனையில் சம அளவுள்ள 12 வீடுகள் இருந்தால், ஒவ்வொருவருக்கும் 400 சதுர அடி நிலம் யுடிஎஸ் எனப்படும் பிரிக்கப்படாத பங்காகச் சேர்கிறது. அந்த 400 சதுர அடி மனையில் எங்கே இருக்கிறது என்று யாராலும் கோடு போட்டுக் காட்ட முடியாது. அதைப் பிரித்துத் தரச் சொல்லி வழக்குத் தொடுக்கவும் அடுக்குமாடி உரிமைச் சட்டங்கள் இடம் தருவதில்லை. ஒரு வீட்டின் தரை, கீழ்வீட்டின் கூரை. ஒருவருடைய கழிவுநீர்க் குழாய் இன்னொருவருடைய குளியலறைக்கு மேல்தான் ஓடுகிறது. நான்கு சுவருக்குள் இருப்பது தனியுரிமை. அந்தச் சுவர்களைத் தாங்கி நிற்பவை எல்லாமே கூட்டுரிமை. தமிழ்நாட்டில் நீண்ட காலம் புதிய ஃபிளாட்டுகள் பதிவுசெய்யப்பட்ட விதம் இந்தப் புரிதலை மங்கச் செய்துவிட்டது. மனைப் பங்குக்கு ஒரு கிரயப் பத்திரம், வீட்டுக்கு பில்டரோடு தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தம் என்று இரண்டாகப் பிரித்தே எழுதினார்கள். நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்துக் கூட்டு மதிப்பில் பதியும் முறை 2023 டிசம்பரில்தான் வந்தது. தான் வாங்கியது மற்றவர்களோடு சேர்ந்த ஒரு கூட்டுச் சொத்து என்பதைப் பத்திரத்தைப் படித்து அறிந்துகொள்ளும் வாய்ப்பு அதுவரை மிகக் குறைவாகவே இருந்தது.

கூட்டுரிமை வந்தால் கூட்டுச் செலவும் வரும். மகாராஷ்டிரத்தின் 1970-ம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டமும், கர்நாடகத்தின் 1972-ம் ஆண்டுச் சட்டமும் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கின்றன: பொதுப் பகுதிகளைப் பயன்படுத்துவதில்லை என்றோ, வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டேன் என்றோ சொல்லி யாரும் பொதுச் செலவில் தன் பங்கைத் தட்டிக்கழிக்க முடியாது. தரைத்தளத்தில் இருக்கும் நான் லிஃப்ட்டுக்கு ஏன் பணம் தர வேண்டும் என்ற கேள்வி எழாத குடியிருப்பு இருக்க முடியாது. கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. அதே கணக்கை எல்லோரும் போட ஆரம்பித்தால், மொட்டை மாடியின் நீர்க்கசிவை அடைக்க மேல்தளத்துக்காரர் மட்டும் செலவழிக்க வேண்டியிருக்கும். வாசலில் மழைநீர் தேங்காமல் வடிகால் போடுவது தரைத்தளத்துக்காரரின் தனிச் செலவாகிவிடும். எல்லோரும் சமமாகத் தருவதா, சதுர அடிக் கணக்கில் தருவதா என்பது மட்டும் உண்மையிலேயே பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். காவலாளி, குப்பை, துப்புரவு போன்றவற்றுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகவும், கட்டடத்தையும் நிலத்தையும் சார்ந்த பெரிய செலவுகளுக்கு யுடிஎஸ் விகிதத்திலும் பிரிப்பதே முறையானது. எந்த முறையாக இருந்தாலும், அது துணை விதிகளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாங்குபவர் அதை வாங்குவதற்கு முன்பே படித்திருக்க வேண்டும்.

சிக்கல் பாக்கித் தொகையில்தான் முற்றுகிறது. விற்றவர் வைத்துவிட்டுப் போன பொதுச் செலவு பாக்கிக்கு வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பு என்று மகாராஷ்டிர, கர்நாடகச் சட்டங்கள் கூறுகின்றன. கொடுத்துவிட்டுப் பழையவரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற ஆறுதலும் அவற்றில் உண்டு. வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டவரிடம் சில ஆயிரம் ரூபாய்க்காக யார் வழக்கு நடத்துவார்கள்? சங்கத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்தப் பணத்தை இன்னாரிடமிருந்துதான் வாங்க வேண்டும் என்று காத்திருந்தால், தண்ணீர் லாரிக்கும் மின்வாரியத்துக்கும் தர வேண்டியதை மற்ற வீட்டுக்காரர்கள்தான் சுமக்க வேண்டும். இப்படி இரு தரப்பிலும் நியாயம் இருக்க, இரண்டு பேருக்கும் அநியாயம் செய்துவிட்டு விலகிப் போகிறவர் விற்றவர் ஒருவரே. வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைகளை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882-ம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 55-வது பிரிவு. கொள்கை நூற்றாண்டுக்கு முன்பே வந்துவிட்டது. அதை அடுக்குமாடிக்குப் பொருத்தும் வழிமுறைதான் தமிழ்நாட்டில் இன்னும் தெளிவாக வரவில்லை.

உரிமைகளின் பக்கம் நிலைமை முன்பைவிட நன்றாக இருக்கிறது. 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா, மொட்டை மாடி, படிக்கட்டு, லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, திறந்தவெளி வாகன நிறுத்தம் ஆகியவற்றைப் பொதுப் பகுதிகள் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பொதுப் பகுதிகள் சங்கத்தின் பெயருக்கு மாற்றப்பட வேண்டும். கட்டடம் தொடர்பான ஆவணங்களும் வரைபடங்களும் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும். வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை தெரியவந்தால், பில்டர் தன் செலவில் 30 நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும். ஸ்டில்ட் தளத்து வாகன நிறுத்தத்தைத் தனிச் சொத்துபோல விற்க முடியாது என்று மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே தீர்ப்பளித்தது. அதே ரெராவின் 19-வது பிரிவு, சங்கத்தை உருவாக்குவதில் பங்கேற்பது வீடு வாங்கிய ஒவ்வொருவரின் கடமை என்றும் சொல்கிறது. இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். ஆவணங்களைப் பெற்றுக்கொள்ளவும் பொதுப் பகுதிகளைத் தன் பெயரில் எழுதி வாங்கவும் சட்டம் சுட்டுவது சங்கத்தைத்தான். சங்கமே இல்லாத இடத்தில் இந்த உரிமைகளைக் கையில் வாங்க ஆள் இருக்காது. கூட்டத்துக்குப் போகாமல், சந்தா மட்டும் கட்டிவிட்டு, பில்டரைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் புலம்பும் உரிமையாளர் தன் உரிமையைத் தானே கைநழுவ விடுகிறார். இதில் இன்னொரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையில் எழுந்த கட்டடங்களும், எட்டு வீடுகளுக்கு மேற்படாத கட்டடங்களும் ரெரா பதிவுக்கு உட்பட்டவை அல்ல. மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் தெருவுக்குத் தெரு நிற்கும் சிறு அடுக்குமாடிகள் பல இந்த வரம்புக்குள்தான் வருகின்றன. அவற்றில் வீடு வாங்குகிறவருக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால், அதை மாநிலச் சட்டம்தான் தர வேண்டும்.

‘என் வீட்டுக்குள் நான் எதை வேண்டுமானாலும் செய்வேன், கேட்க யாருக்கும் உரிமை இல்லை’ என்ற வாதத்துக்கும் இங்கே பதில் சொல்லியாக வேண்டும். 2022 பிப்ரவரியில் ஹரியானாவின் குருகிராமில் உள்ள உயர்மாடிக் குடியிருப்பு ஒன்றில், ஆறாவது மாடி வீட்டில் சீரமைப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோது தளம் இடிந்து, கீழே இருந்த தளங்களையும் அடுத்தடுத்துத் தகர்த்துக்கொண்டு விழுந்தது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தின் கான்கிரீட்டிலேயே பெரும் குறை இருந்தது பின்னர் நடந்த ஆய்வில் தெரியவந்தது. அப்படியென்றால், தன் வீட்டுத் தரையை மாற்றுகிறவர் தன் கட்டடத்தின் பலத்தை அறியாமல் கை வைக்க முடியாது என்றுதானே ஆகிறது? புதிதாக வாங்குகிறவர்கள் குடிபோவதற்கு முன்பே சுவரை இடித்துச் சமையலறையைப் பெரிதாக்குவதும், பால்கனியை அறையாக்குவதும் இன்று வழக்கமாகிவிட்டது. எது தடுப்புச் சுவர், எது பாரம் தாங்கும் பகுதி என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல முடியும். மேஸ்திரியின் அனுபவம் போதாது. வேலைக்கு முன் சங்கத்துக்கு எழுத்தில் தெரிவிக்கச் சொல்வதில் அத்துமீறல் எதுவும் இல்லை. கீழ்வீட்டில் தூங்குகிறவர்களின் உயிர் அதில் இருக்கிறது.

அதைவிடப் பெரிய ஆபத்து, சேர்ந்து செய்ய வேண்டிய செலவைத் தள்ளிப்போடுவதில் இருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா கடற்கரையில், சர்ஃப்சைடு என்ற ஊரில் 1981-ல் கட்டப்பட்ட 12 மாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி 2021 ஜூன் 24 அதிகாலையில் இடிந்து விழுந்து 98 பேர் மாண்டார்கள். நீச்சல் குளத்தை ஒட்டிய தளத்தின் கான்கிரீட் மோசமாகச் சேதமடைந்திருப்பதாக 2018-லேயே பொறியாளர் அறிக்கை கொடுத்திருந்தார். யார் எவ்வளவு தருவது என்பதில் உரிமையாளர்களுக்குள் பிணக்கு. பழுதுபார்ப்புச் செலவு ஒன்றரைக் கோடி டாலராக வளர்ந்தது. வேலை முழுமையாகத் தொடங்குவதற்கு முன்பே கட்டடம் விழுந்துவிட்டது. வடிவமைப்பிலேயே இருந்த குறைகளை விசாரணை பின்னர் சுட்டிக்காட்டியது உண்மைதான். ஆனாலும், எச்சரிக்கை வந்தபோது கையில் போதிய சேமிப்பு நிதி இல்லாத நிலையையும் மறக்க முடியாது. அடுத்த ஆண்டே ஃபுளோரிடா, பழைய அடுக்குமாடிகளுக்குக் கட்டமைப்புச் சோதனையையும் அதற்கான நிதி ஒதுக்கீட்டையும் கட்டாயமாக்கியது. சென்னையும் கடலோர நகரம். உப்புக் காற்று கம்பியை அரிக்கும் வேகம் இங்கும் குறைவில்லை. நம் சங்கங்கள் பலவற்றில் கார்பஸ் ஃபண்ட் எனப்படும் சேமிப்பு நிதி பில்டர் வசூலித்துக் கொடுத்ததோடு நின்றுவிடுகிறது. மாதப் பராமரிப்புத் தொகையை நூறு ரூபாய் உயர்த்தினாலே பொதுக்குழுக் கூட்டத்தில் கூச்சல் எழுகிறது. அந்த நூறு ரூபாயை இருபது ஆண்டுகள் தள்ளிப்போட்ட கட்டடத்தில் கடைசியாக வீடு வாங்குகிறவர், மற்றவர்கள் தராத பணத்தையும் சேர்த்தே தர வேண்டிவருகிறது.

மறுகட்டுமானம் இந்தக் கேள்வியை இன்னும் அவசரமாக்குகிறது. 1994-ம் ஆண்டு தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022-ல் இயற்றப்பட்டு, 2024-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், பழைய கட்டடத்தை இடித்துக் கட்டுவதற்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும் என்றது. ஒரே ஒருவர் மறுத்தாலும் இடிந்துவிழும் நிலையில் உள்ள கட்டடத்தில் அத்தனை பேரும் கிடக்க வேண்டும் என்ற பழைய நிலை மாறியது வரவேற்கத்தக்கதே. அதே சமயம், முப்பது ஆண்டுப் பழமையான ஃபிளாட்டை இன்று வாங்குகிறவர், பக்கத்து வீட்டார்கள் ஏற்கெனவே ஒரு பில்டரோடு பேசிக்கொண்டிருப்பது தெரியாமலே வாங்கிவிடக்கூடும். வங்கிக் கடனில் வாங்கிய வீட்டை ஓராண்டில் காலிசெய்து, வாடகை வீடு தேட வேண்டியவருக்கு அந்தச் செய்தி முன்கூட்டியே கிடைத்திருக்க வேண்டாமா?

இதற்கான வழி புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதில்லை. அடுக்குமாடியில் தனி வீட்டுக்குத் தனிப் பட்டயம் வழங்கும் சட்டத்தை 1961-லேயே கொண்டுவந்த ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், உரிமையாளரின் அனுமதியோடு வாங்குபவர் கேட்டால் அந்த வீட்டின் கட்டண நிலவரத்தைச் சொல்லும் சான்றிதழைக் கூட்டு நிர்வாகம் தர வேண்டும். அதை நம்பி வாங்கியவருக்கு எதிராக நிர்வாகம் பின்னர் மாற்றிப் பேச முடியாது. அமெரிக்க மாநிலங்கள் சில பின்பற்றும் மாதிரிச் சட்டம், இத்தகைய சான்றைச் சங்கம் பத்து நாட்களுக்குள் தர வேண்டும் என்கிறது. அதில் காட்டிய தொகைக்கு மேல் பழைய பாக்கி எதையும் வாங்கியவரிடம் கேட்க முடியாது. தமிழ்நாட்டின் 2022-ம் ஆண்டுச் சட்டத்தில் இப்படியொரு பிரிவைத் தெளிவாகச் சேர்க்க வேண்டும். விற்கும் வீட்டின் பாக்கி, மாதக் கட்டணமும் அது பிரிக்கப்படும் முறையும், கார்பஸ் ஃபண்டின் இருப்பு, தீர்மானிக்கப்பட்ட பெரிய வேலைகள், நிலுவையில் உள்ள வழக்குகள், கடைசிக் கட்டமைப்புச் சோதனை, ஒதுக்கப்பட்ட வாகன நிறுத்தம், மறுகட்டுமானப் பேச்சு, துணை விதிகளின் நகல் ஆகியவை அந்த நிலை அறிக்கையில் இருக்க வேண்டும். அறிக்கையைப் பெற்றுக் கொடுப்பது விற்பவரின் கடமை. அதில் காட்டாத பாக்கியை வாங்கியவரிடம் வசூலிக்கச் சங்கத்துக்கு உரிமை கிடையாது என்று எழுதினால் போதும், இரு தரப்பும் தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும். அறிக்கை இல்லாவிட்டால் பத்திரத்தைப் பதியக் கூடாது என்று சார்பதிவாளருக்கு அதிகாரம் தரும் பாதை வேண்டாம். பழைய மூலப் பத்திரத்தைக் காட்டச் சொன்ன தமிழ்நாடு பதிவு விதி 55-ஏ செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்ததை நினைவில் வைத்துக்கொண்டால், சொத்து ஆராய்ச்சியைப் பதிவு அலுவலகத்தின் மேசையில் ஏற்றுவது எவ்வளவு பலவீனமான வழி என்பது புரியும்.

சங்கத்தின் கையில் இன்னொரு பிடியைக் கொடுக்கிறீர்களே, செயலாளருக்கு வேண்டாதவர் வீட்டை விற்கவே முடியாமல் போய்விடாதா என்று சிலர் கேட்கக்கூடும். இந்த அச்சத்தைப் புறந்தள்ளக் கூடாது. பிடிக்காத சாதி, மதம், உணவுப் பழக்கம் என்று ஆட்களைத் தரம் பிரிக்கும் குடியிருப்புகள் நம் ஊரிலும் இருக்கின்றன. வீட்டு வேலை செய்பவர்களை லிஃப்ட்டில் ஏறக் கூடாது என்று சொல்லும் சங்கங்களும் உண்டு. குஜராத்தில் பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்று வைத்திருந்த வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் விதியை உச்ச நீதிமன்றம் 2005-ல் ஏற்றுக்கொண்டது வருத்தத்துக்குரியது. ஆனால், கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராவது ஒரு தனி நடவடிக்கை. அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின்படி உறுப்பினர் உரிமை வீட்டோடு ஒட்டியே வருகிறது. அதனால், நிலை அறிக்கை என்பது தகவல் மட்டுமே, விற்பனைக்கான அனுமதிச் சீட்டாக அதைப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டமே சொல்லிவிட வேண்டும். குறித்த நாளுக்குள் தராவிட்டால் பாக்கி இல்லை என்று கொள்ளப்படும் என்ற விதி வேண்டும். மகாராஷ்டிரத்தில் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கங்கள் வீடு கைமாறும்போது வாங்கும் பிரீமியத்துக்கு 25,000 ரூபாய் உச்சவரம்பு இருப்பதுபோல, இங்கே நன்கொடை என்ற பெயரில் வாங்கப்படும் தொகைகளைத் தடுத்து, அறிக்கைக்கு நகல் எடுக்கும் செலவளவு கட்டணம் மட்டுமே நிர்ணயிக்க வேண்டும்.

ஆறு வீடு உள்ள கட்டடத்தில் சங்கமும் கிடையாது, கணக்கு நோட்டும் கிடையாது, அறிக்கை யார் தருவது என்று கேட்கலாம். அங்கேதான் இந்தச் சட்டம் அதிகம் தேவைப்படுகிறது. மோட்டார் பழுதானால் யார் பணம் போடுவது என்பதுகூட அங்கே வாய்மொழி ஏற்பாடாகவே இருக்கிறது. மற்ற வீட்டுக்காரர்களில் பெரும்பான்மையோர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் குறிப்பே போதும். அப்படியொரு குறிப்பை எழுத உட்காரும்போதே பல கட்டடங்களில் முதல் பொதுக்கூட்டம் நடந்துவிடும்.

பழைய உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நேற்று வந்தவருக்கு என்ன தெரியும், இருபது ஆண்டாக நாங்கள் காப்பாற்றிய கட்டடம் இது என்ற மனப்பான்மை பல சங்கங்களில் ஊறிக் கிடக்கிறது. உழைத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டியது நியாயம். வாக்கும் வாகன நிறுத்தமும் வருகையின் வரிசைப்படி வருவதில்லை, உரிமைப் பங்கின்படி வருகின்றன என்பதும் அதே அளவுக்கு நியாயம். 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான சங்கம் ஆண்டுக் கூட்டம் நடத்தவும், கணக்கை உறுப்பினர் முன்வைக்கவும் கடமைப்பட்டது. கணக்குக் கேட்கும் புதியவரைச் சண்டைக்காரர் என்று ஒதுக்குவது அந்தக் கடமையை மீறுவதாகும். புதியவரும் தன் பங்குக்குச் செய்ய வேண்டியது உண்டு: முதல் மாதமே கட்டணத்தைத் தொடங்குவது, துணை விதிகளைப் படிப்பது, வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருந்தாலும் பொதுக்குழு அறிவிப்புக்குப் பதில் எழுதுவது, இரண்டாம் ஆண்டிலாவது ஒரு பொறுப்பை ஏற்பது. வாடகைதாரர் தருவார் என்று பாக்கியை அவர்மேல் தள்ளிவிடுவதை ஏற்க முடியாது; சங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் உரிமையாளரே.

சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஃபிளாட் வாங்க முன்பணம் கொடுக்கவிருக்கும் ஒவ்வொருவரும் இன்றே விற்பவர் வழியாகச் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம். பாக்கி எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு, வரவிருக்கும் வேலைகள் என்ன, துணை விதி நகல் எங்கே என்று கேட்கலாம். கடன் தரும் வங்கிகளும், கருத்துரை எழுதும் வழக்கறிஞர்களும் இந்தக் கடிதத்துக்கான பதிலைத் தங்கள் ஆவணப் பட்டியலில் சேர்த்துக்கொண்டால், ஓரிரு ஆண்டில் இது நடைமுறையாகிவிடும். வாங்குகிறவர்களுக்குச் சொல்ல இருப்பது இதுதான்: அந்தப் பதில் எழுத்தில் வந்து சேரும்வரை முன்பணத்தைக் கையைவிட்டு விடாதீர்கள்.